மஞ்சள் பலகை போதுமா?

அன்புள்ள ஐயா,

ஜூலை கடைசியில் மகள் வீட்டுக்கு, சுவிட்சர்லாந்தின் பாஸலுக்குப் போகிறோம். எனக்கு வயது 61. காலையில் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் உண்டு. ஜூரா மலைப் பக்கம் செஞ்யலெஜியே என்ற ஊரிலிருந்து காடும் புல்வெளியுமாக ஒரு குளம் வரை போய்த் திரும்பலாம், 12 கிலோமீட்டர் வரும் என்கிறார் மாப்பிள்ளை. அவர் காட்டிய குறிப்பில் ‘நடுத்தரம்’ என்று போட்டிருக்கிறது. வழிகாட்டி கிடையாதாம், பலகையைப் பார்த்துப் போனால் போதுமாம். குரங்கணிக்குப் பிறகு காட்டுப்பாதை என்றாலே எங்கள் வீட்டில் பயம். அதோடு, பனிமலை இல்லாத இடத்தில் போய் என்ன பார்ப்பது? அந்த நாளை யுங்ஃப்ரா பனிமலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

மாப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். யுங்ஃப்ராவுக்கு இன்னொரு நாள் ரயிலிலேயே போய்க்கொள்ளலாம். அதற்குப் பர்ஸ்தான் கனமாக இருக்க வேண்டும், கால் அல்ல.

பயம் நியாயமானது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. நம் மலைகளில் கோடையில் புல் காய்ந்து கிடக்கும். யானை பலகை படித்து ஒதுங்கிப் போவதில்லை. அதனால் நமக்கு ஆள் துணை வேண்டும். ஜூராவில் நீங்கள் நடக்கப்போவது அடர்ந்த வனம் இல்லை, மாடும் குதிரையும் மேயும் நிலம். லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை உண்டு, ஆனால் அது கண்ணில் பட்டால் ஊரே உங்களைப் பொறாமையோடு பார்க்கும்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு ஒரே மாதிரி குறியீடுதான். வெறும் மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை, கால் உறுதி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கு வேண்டாம். உங்கள் வழி முழுக்க மஞ்சள். அதில் கிலோமீட்டரைத் தேடாதீர்கள், நேரம்தான் எழுதியிருக்கும். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். உட்காருவதும் சாப்பிடுவதும் படம் எடுப்பதும் அந்தக் கணக்கில் கிடையாது. மூன்றரை மணி நேர நடைக்கு நீங்கள் ஐந்தரை மணி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பலகையோடு உங்கள் வேகத்தை ஒப்பிட்டால் மீதியைச் சரியாகச் சொல்லிவிடலாம். இடையில் மரத்திலும் கல்லிலும் மஞ்சள் டைமண்ட் வடிவம் தீட்டியிருக்கும். கிளைவழி தாண்டி வெகுநேரம் அது தென்படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். ‘நடுத்தரம்’ என்றது நீளத்தை வைத்துத்தான் இருக்கும். அந்த வழியில் பள்ளத்தில் விழ இடமே இல்லை.

இந்தப் பாதைகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் உண்டு. 1979-ல் மக்கள் வாக்களித்துச் சேர்த்தார்கள், 1985-ல் சட்டம் வந்தது. நடைபாதையை அழித்துச் சாலை போட்டால் மாற்றுப் பாதை தர வேண்டும். நீள நெடுக தார் ஊற்றினாலும் அப்படியே. எனக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

என்ன பார்ப்பது என்று கேட்டீர்களே. ஃப்ரான்ஷ் மொந்தாஞ் என்ற அந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காடு எங்கே முடிகிறது, புல்வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஸ்ப்ரூஸ் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நெருக்கம் இல்லாததால் கிளைகள் தரை வரை இறங்கியிருக்கும். நடுவில் புல், இடையிடையே சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். இயற்கை தானாகச் செய்த அழகு என்று தோன்றும். நூற்றாண்டுகளாக மாடுகள் மேய்ந்து மேய்ந்து வந்த வடிவம் அது. மேய்ச்சலை நிறுத்தினால் மரக்கன்றுகள் முளைத்துக் காடு மூடிவிடும். மஞ்சள் ஜென்ஷியன் செடி மட்டும் இடுப்புயரம் நிற்கும். கசப்பு தாங்காமல் மாடு அதைத் தொடுவதில்லை, மனிதர்கள் அதன் வேரிலிருந்து சாராயம் காய்ச்சுகிறார்கள்! குட்டிகளோடு குதிரைகளும் மேயும். சுவிட்சர்லாந்தின் சொந்தக் குதிரை இனம் என்று மிஞ்சியிருப்பது இந்தப் பகுதியின் பெயர் கொண்ட இது ஒன்றுதான்.

மழை நிறைய பெய்தாலும் ஓடை அரிதாகவே தென்படும். அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் பண்ணை வீடுகள் பிழைத்தன. நீங்களும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போங்கள். இவ்வளவு வறண்ட மேட்டில் திடீரென்று க்ருயேர் குளம் வரும். 17ஆம் நூற்றாண்டில் ஆலை ஓட்டுவதற்காக அணை போட்டுத் தேக்கியது. சுற்றிலும் மட்கிய செடிகள் நிறைந்த சதுப்பு நிலம், அதனால் தண்ணீர் கறுப்புக் காபி நிறம். பிர்ச் மரங்களுக்கு நடுவே மரப்பலகை போட்ட பாதை சுற்றி வருகிறது. அதை விட்டு இறங்காதீர்கள். இப்படிப்பட்ட சதுப்புகளைக் காக்கவும் 1987-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்திருக்கிறார்கள். ஒன்று: சீஸுக்குப் பேர்போன க்ருயேர் வேறு ஊர். டிக்கெட் எடுக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வழியில் நிறைய வேலிக் கதவுகள் வரும். திறந்தால் மூடிவிட வேண்டும், மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்று விட்டுவிடக் கூடாது. கன்றோடு நிற்கும் பசுவை நம் ஊர்ப் பாசத்தில் தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். அங்கே அவை மந்தையாகக் கன்றுகளுடனே வளர்பவை, முட்டித் தள்ளிவிடும். சுற்றிப் போங்கள். உண்மையில் கவனிக்க வேண்டிய பிராணி உண்ணிதான். நீளமான பேன்ட் போடுங்கள், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்துவிடலாம். பின்னால் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். பாஸலிலிருந்து டெலெமோன், க்ளோவெலியே வழியாகச் செஞ்யலெஜியே போகலாம். க்ளோவெலியேயில் சின்ன சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும். அது காட்டுக்கு நடுவே ஓர் இடத்தில் நின்று, திசை மாறி, வந்த பக்கமே திரும்புவது போல மேலே ஏறும். தப்பான ரயில் என்று இறங்கிவிடாதீர்கள். ஆகஸ்ட் இரண்டாவது வார இறுதி என்றால் அங்கே குதிரைச் சந்தை, ஊரே நிரம்பி வழியும். ஜூலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.