பொதுக் கோட் நூலகப் பொத்தானில் தமிழ் எழுத்து வெட்டுப்படுவது

வணக்கம். பேருந்து முன்பதிவுத் திரையில் 'திருப்பரங்குன்றம்' பொத்தானில் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படுகின்றன, பல டீம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோட் நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு ப்ராப் (பொத்தானைப் போடும் ஒவ்வொரு இடத்திலும் கொடுக்கும் அமைப்பு) சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ப்ராப் வேண்டாம். போட மறந்த இடத்தில் எல்லாம் மறுபடி வெட்டும். நீங்கள் ஒட்டிய சிஎஸ்எஸ்ஸில் லேபிள் ஸ்பானுக்கு (பொத்தானின் எழுத்து இருக்கும் பகுதி) லைன்-ஹைட், அதாவது வரி உயரம், 1; கூடவே வெளியே நீட்டுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன். கோளாறு அங்கேதான். லைன்-ஹைட்டை 1.5 ஆக்குங்கள், பொத்தானின் ஹைட் 32 பிக்சலை மின்-ஹைட் (min-height, குறைந்தபட்ச உயரம்) ஆக்குங்கள். எழுத்து 16 பிக்சல் என்றால் வரி 24; மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) தலா 4 (பார்டர் இருந்தால் அதைக் கழித்து). பழைய 32 அப்படியே நிற்கும், அதனால் ஆங்கிலத் திரை வைத்திருக்கும் மற்ற டீம்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். வரி மடங்காமல் தடுக்கும் நோ-ராப்பையும் எடுத்துவிட்டால் நீளமான பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கும்.

முதலில் நூலகத்தின் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு இஷ்யூ (கோளாறு பற்றிய பதிவு) போடுங்கள். அப்புறம் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் 'திருப்பரங்குன்றம்', 'மாட்டுத்தாவணி' இரண்டையும் வைத்து ஒரு ஸ்டோரிபுக் ஸ்டோரி (பொத்தானைத் தனியாகக் காட்டும் மாதிரி) சேருங்கள். நாளைக்கு யாராவது லைன்-ஹைட்டைக் குறைத்தால் அது காட்டிக்கொடுக்கும். ஃபார்மேட்டிங் சுத்தம் செய்யும் ஆசையை அதே ரிக்வெஸ்ட்டில் காட்டாதீர்கள், ரிவ்யூ செய்பவர் ஓடிவிடுவார். மாற்றம் நூலகத்தில் மெர்ஜ் ஆகும்வரை உங்கள் ஆப்பில் மட்டும் அதே சிஎஸ்எஸ்ஸை ஓவர்ரைடாகப் போடலாம், பக்கத்திலேயே இஷ்யூ எண்ணைக் கமெண்ட்டாக எழுதி வையுங்கள்.