இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் என்ன? பழைய ஜன்னலை மாற்றினால் மின்கட்டணம் குறையுமா?

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, ஓரங்களை முழுக்க அடைத்து, ஒரே தொகுப்பாகச் சட்டத்தில் பொருத்துவதுதான் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். நடுவில் இருப்பது உலர்ந்த காற்று, அல்லது காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் ஆர்கான் வாயு.

கண்ணாடி வெப்பத்தை எளிதில் விட்டுவிடும். அசையாத காற்று விடாது. ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் கதகதப்பாக இருக்குமே, அதே கதைதான். உள்ளும் வெளியும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 5.8 வாட் வெப்பம் கடக்கும். இரட்டையில் ஏறத்தாழ 2.8. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் ஆர்கானும் சேர்ந்தால் இன்னும் பாதியாகும். ஆகவே ஏசி, ஹீட்டர் ஓடும் நேரம் குறையும். இடைவெளி 12 முதல் 16 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் காற்று உள்ளேயே சுழன்று வெப்பத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும்.

அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைச் சட்ட ஓரமாக நகர்த்திப் பாருங்கள் (திரைச்சீலை எட்ட இருக்கட்டும்). புகை வளையும் இடத்தில் கசிவு. ரப்பர் பட்டையும் சிலிக்கோன் பசையும் வைத்து முதலில் அதை அடைப்பதுதான் மலிவு.

மாற்றுவதென்றால் சட்டத்தையும் பாருங்கள். சாதா அலுமினியம் வெப்பத்தைக் கடத்திவிடும். நடுவே பிளாஸ்டிக் தடுப்பு உள்ளதாக வாங்குங்கள். பின்னாளில் இரு கண்ணாடிக்கும் நடுவே பனி படிந்தால் ஓர அடைப்பு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். துடைக்க வழியில்லை, கண்ணாடித் தொகுப்பையே மாற்ற வேண்டும்.

தடித்த கண்ணாடி போட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், 4 மி.மீ.யை 6 ஆக்கினால் அந்த 5.8 என்பது 5.7 ஆகும், அவ்வளவுதான்.