நிரூபிக்க முடியாவிட்டால் பொருளும் இல்லையா?

கேள்வி: திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். விவாதப் பயிற்சியில் ஒரு மாணவி, எங்கள் ஊர்க் கோயிலின் சிவனைக் குறித்து, "கோணேசர் இந்த ஊரைக் காக்கிறார்" என்றாள். எதிரணி மாணவன் "நிரூபிக்க முடியாது, ஆகவே இது பொருளற்ற கூற்று" என்றான். நடுவராக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அந்த மறுப்பு செல்லாது என்று சொல்லியிருக்கலாம். பொய்யானது, நிரூபிக்க முடியாதது, பொருளற்றது என்ற மூன்றும் வேறு வேறு.

"கன்னியாவில் ஒன்பது வெந்நீர்க் கிணறுகள் உண்டு" என்று பலகையில் எழுதுங்கள். பொய், ஏழுதான். ஆனால் பொருள் விளங்கியபடியால்தானே எண்ணிப் பார்த்துப் பொய் என்கிறோம்? அடுத்து, "கிணறு நேற்றுக்கு ஆனால் ஏழும்" என்று எழுதுங்கள். இதை மறுக்கக்கூட முடியாது. சொற்கள் கூடிப் பொருள் தர அவாய்நிலை (ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது), தகுதி (பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவது), அண்மை (சொற்கள் அடுத்தடுத்து வருவது) வேண்டும் என்று நம் உரையாசிரியர்கள் சொன்னது இதைத்தான். "நெருப்பால் நனைத்தான்" என்பதில் இலக்கணம் சரி, தகுதி இல்லை.

"இன்றைய கண்டி மன்னர் உயரமானவர்" என்பதையும் கொடுத்துப் பாருங்கள். 1815க்குப் பிறகு கண்டிக்கு மன்னர் இல்லை. இத்தகைய கூற்று பொய் என்பது பிரித்தானிய மெய்யியலாளர் ரசல் 1905இல் தந்த விளக்கம். பொருள் உண்டு, ஆனால் உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார் இன்னொரு பிரித்தானிய மெய்யியலாளரான ஸ்ட்ராசன், 1950இல். எனக்கு ஸ்ட்ராசன் பக்கம்தான் சாய்வு. ஆனால் கூற்றுக்குப் பொருள் இல்லை என்று இருவருமே சொல்லவில்லை.

சரி, உங்கள் மாணவன் எடுத்தது வியன்னா வட்டத்தார் என்ற மெய்யியலாளர் குழுவின் அளவுகோல். பிரித்தானிய மெய்யியலாளர் ஏயர் 1936இல் அதை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசென்றார். அனுபவத்தால் சரிபார்க்க வழியில்லை, சொற்களின் வரைவிலக்கணத்தாலேயே உண்மையாவதும் இல்லை என்றால், அந்தக் கூற்று உலகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது அது. அந்த அளவுகோலை அதன் மீதே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுபவத்தால் அதைச் சரிபார்க்க முடியாது. வரைவிலக்கணம் என்றால், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எதிரணிக்கு இல்லை.

அதற்காக மாணவியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. கோயிலில் கைகூப்பி அதைச் சொல்பவர் நன்றியைச் சொல்கிறார். அங்கே ஆதாரம் கேட்பது முறையல்ல. விவாத மேடையில் சொன்னால் அது ஒரு வாதம். எதிரணி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: "2004இல் ஆழிப்பேரலை இந்தக் கரைக்கும் வந்ததே, காக்கிறார் என்பதால் நீங்கள் எதைக் கருதுகிறீர்கள்? என்ன நடந்தால் அது பொய்யென்று ஒப்புக்கொள்வீர்கள்?" அடுத்த பயிற்சியில் அந்த இருவரையும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க விடுங்கள்.