கணிதமும் கணக்கீடும் ஒன்றாக: வாட்டர்லூ கோ-ஆப் படிப்பைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

சென்ற ஆண்டு நிரந்தர வதிவிட அனுமதியுடன் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்ததாகவும், இந்தச் செப்டெம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் மகள் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணிதத்தையும் கணக்கீட்டையும் சேர்த்துப் படிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரில், இலங்கையில், கணிதப் பிரிவு வேறு, வர்த்தகப் பிரிவு வேறு என்று இருக்க, இரண்டையும் ஒன்றாகப் படித்தால் ஒன்றிலும் ஆழம் வராமற் போகுமோ என்பதும், படிக்கும்போதே சம்பளம் கிடைக்கும் என்பது உண்மையா, அது கட்டணத்துக்குப் போதுமா என்பதும் உங்கள் கேள்விகள். அதே படிப்பைப் படித்து, இன்று சி.பி.ஏ. என்னும் கனடாவின் பட்டயக் கணக்காளர் தகைமையுடன் ரொறன்ரோவில் கணக்காளராக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சம்பளம் உண்மைதான். ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தொலைவில் உள்ள வாட்டர்லூ, 1957இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே படிப்பையும் வேலையையும் மாறி மாறி வைக்கும் கோ-ஆப் முறையில் வளர்ந்த பல்கலைக்கழகம். ஆண்டு மூன்று தவணைகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் நான்கு மாதம். சில தவணைகளில் வகுப்புக்குப் போக வேண்டும், சில தவணைகளில் ஒரு நிறுவனத்தில் முழுநேரம் வேலை செய்ய வேண்டும். சம்பளத்தைத் தருவது அந்த நிறுவனம். வேலையைத் தேடுவதற்கான வழியைப் பல்கலைக்கழகம் அமைத்துத் தருகிறது. வேலை கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதத்தை யாரும் தருவதில்லை.

இரண்டு பாடங்களும் எங்கே சந்திக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நிறுவனம் கட்டடம் ஒன்றை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் 10,000 டொலர் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 16இன்படி, அந்தக் குத்தகையின் இன்றைய பெறுமதியை ஐந்தொகையில் (சொத்துகளையும் கடன்களையும் காட்டும் கூற்றில்) பொறுப்பாகக் காட்ட வேண்டும். வட்டி 6 வீதம் என்றால் அது ஏறத்தாழ 42,124 டொலர். பெருக்கல் தொடர் தெரிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் கணித்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் மேலும் மூன்று ஆண்டு நீடிக்கும் உரிமை இருந்து, நிறுவனம் அதைப் பயன்படுத்துவது கிட்டத்தட்ட நிச்சயம் என்று கருதினால், எட்டு ஆண்டுக்குக் கணித்து 62,098 டொலர் காட்ட வேண்டிவரும். எந்த வட்டி பொருத்தம், நீடிப்பார்களா மாட்டார்களா, அதற்குச் சான்று என்ன என்பவற்றைச் சூத்திரம் சொல்லாது. 42,124க்கும் 62,098க்கும் இடையில் முடிவெடுத்து, எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதுவதுதான் கணக்காளரின் தொழில். கணிதம் தெரிந்தவர் அந்த இடத்தில் எண்ணைக் கண்டு தடுமாறாமல் நேரே கேள்விக்குப் போகிறார். ஆகவே ஆழம் குறையுமோ என்ற உங்கள் கவலைக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன்.

கணிதப் பக்கத்தில் மகளுக்கு ஒரு முற்கூட்டிய பலம் உண்டு. ஊரில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் தொடங்கிவிட்டு வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள்; இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதம் அவருக்குப் பெரும்பாலும் பழகிய நிலமாகவே இருக்கும். பல்கலைக்கழகத்தின் முதல் தவணையில் வரும் அட்சரகணிதப் பாடம்தான் புதிது. கணிதம் 135 என்று அழைக்கப்படும் அந்தப் பாடத்தில் விடை காண்பதைவிட நிறுவுவதே வேலை: தொகுத்தறிவு, முழுவெண்களின் வகுபடுதன்மை, அதிலிருந்து வளரும், செய்திகளை இரகசியமாக அனுப்ப உதவும் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்கம் என்று போகும். பள்ளியில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் திணறுவது இங்கேதான். நிறுவல்களில் அவருக்கு மகிழ்ச்சி உண்டா என்று இப்போதே கேட்டுப்பாருங்கள். இல்லை என்றால், கணக்காளர் ஆவதற்கு இதைவிட நேரான வழிகள் இருக்கின்றன. உண்டு என்றால், பின்னால் வரும் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும், கணக்காய்வில் மாதிரி எடுக்கும்போது மற்றவர்கள் மனப்பாடமாகச் செய்வதைக் காரணம் அறிந்து செய்யும் தெளிவை அவருக்குத் தரும்.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. நம்மவர்கள் கணிதத்தைக் கண்டு அஞ்சி அதற்குத் தனியார் வகுப்பு வைக்கிறார்கள். கணக்கீட்டை வெறும் எண் பாடமாக நினைத்து ஆங்கிலத்தை விட்டுவிடுகிறார்கள். கனடாவில் கணக்கீடு ஓர் எழுத்துப் பாடம். சி.பி.ஏ. தகைமைக்கு இதுவரை நடைமுறையில் இருந்த பொது இறுதிப் பரீட்சை மூன்று நாள் நடக்கும். கற்பனை நிறுவனமொன்றின் கதையைப் பல பக்கங்களில் தந்து, அதற்குள் மறைந்திருக்கும் சிக்கல்களை நீங்களே கண்டுபிடித்து, நேரக் கட்டுப்பாட்டுக்குள் ஆலோசனை எழுதும்படி கேட்கும். பேரேட்டுப் பதிவு சரியாக இருந்தும், ஏன் அந்தப் பதிவு என்பதைத் தெளிவாக எழுத முடியாமல் புள்ளியை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பல்கலைக்கழக வகுப்பிலும் இரண்டாம் ஆண்டிலிருந்து இதே வகைப் பயிற்சிதான். ஆங்கிலம் பிற்பாடு தானாக வரும் என்று விடாமல், இந்த ஓராண்டில் நாளுக்கு ஒரு பக்கமாவது எழுத வையுங்கள். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிருவாகத்தின் விளக்கவுரையை வாசித்து, ஏன் இலாபம் குறைந்தது என்பதைத் தம் சொற்களில் பத்து வரியில் எழுதினாலே போதும்.

எழுத்தும் பேச்சும் வேலை தேடும் போதும் உதவும். வாட்டர்லூவர்க்ஸ் என்னும் தளத்தில் நிறுவனங்கள் இடங்களை அறிவிக்கும். விண்ணப்பம், நேர்முகம் எல்லாம் இடைத்தவணைப் பரீட்சைகள் நடக்கும் அதே வாரங்களில் வந்து விழும். காலையில் நேரியல் அட்சரகணிதப் பரீட்சை எழுதிவிட்டு, கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொண்டு, டேத்தம் கட்டடத்தில் வரிசையாக இருக்கும் சிறு அறைகளில் ஒன்றின் முன்னால் பெயர் அழைக்கப்படும்வரை காத்திருப்பது என் காலத்தில் வழமையான காட்சி; இன்று பல நேர்முகங்கள் கணினித் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. முடிவில் நிறுவனங்கள் மாணவரை வரிசைப்படுத்தும், மாணவர்கள் நிறுவனங்களை வரிசைப்படுத்துவார்கள், இரண்டையும் பொருத்தி இடம் ஒதுக்கப்படும். முதற் சுற்றில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தேடல் அடுத்த சுற்றில் தொடரும். அந்த வாரங்களில் வீட்டிலிருந்து தொலைபேசியில் "இன்னும் வேலை கிடைக்கவில்லையா" என்று கேட்காமல் இருப்பது பிள்ளைக்குப் பெரிய உதவி.

கணக்கீட்டு மாணவர்களுக்குக் குளிர்காலத் தவணை வேலைக்குரிய காலம். பல நிறுவனங்களின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, தனிநபர் வரிப் படிவங்களுக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரை கணக்காய்வு நிறுவனங்களுக்கு ஆள் போதாது. தொடக்கத்தில் தரப்படும் வேலை எளிமையானது: களஞ்சியத்தில் பெட்டிகளை எண்ணிப் பட்டியலுடன் ஒப்பிடுவது, வங்கி உறுதிப்படுத்தல் கடிதங்களைத் திரட்டுவது, தெரிவுசெய்த விலைப்பட்டியல்களைப் பேரேட்டுடன் சரிபார்ப்பது. மாலை ஏழு எட்டு மணிக்கு வீடு திரும்புவதும், சனிக்கிழமைகளில் வேலை இருப்பதும் அந்த மாதங்களில் இயல்பு. கோடையில் நண்பர்கள் விடுமுறையில் இருக்கும்போது இவர்கள் விரிவுரை மண்டபத்தில் இருப்பார்கள். ஊருக்குப் போகும் பயணம், குடும்பக் கொண்டாட்டம் எல்லாவற்றையும் இந்தக் கால அட்டவணைக்கு ஏற்பத்தான் திட்டமிட வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். நிரந்தர வதிவிட உரிமை இருப்பதால் மகளுக்கு உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணமே வரும். சர்வதேச மாணவர்கள் கட்டுவது அதைப்போல் பல மடங்கு. வேலை செய்யத் தனி அனுமதியும் வேண்டியதில்லை. வேலைத் தவணையில் பாடக் கட்டணம் இல்லை, ஆனால் கோ-ஆப்புக்கென்று ஒரு கட்டணம் படிப்புத் தவணைகளில் சேரும். முதற் சம்பளம் கைக்கு வருமுன்பே முதலாம் ஆண்டின் இரண்டு படிப்புத் தவணைகளுக்கும் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்குப் பணம் தேவை என்பதால், நீங்கள் சேமிக்க வேண்டியது அந்த முதலாண்டுக்கே. ஒன்ராறியோவின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்புக்கு நிரந்தர வதிவிடவாசிகளும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வருமானத்தையும் பார்த்தே தொகையைத் தீர்மானிப்பார்கள், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதன்பிறகு ஒரு வேலைத் தவணையின் சம்பளத்தைச் சிக்கனமாக வைத்திருந்தால் அடுத்த படிப்புத் தவணையின் கட்டணத்தில் பெரும் பங்கை அது தாங்கும். வாடகையையும் சேர்த்து முழுவதையும் தாங்கும் என்று நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரியில் ஒரு பகுதியாவது பலருக்குத் திரும்பி வரும் என்பதால், நிறுவனம் தரும் டி4 என்னும் சம்பள விவரப் படிவத்தையும் பல்கலைக்கழகம் தரும் டி2202 என்னும் கட்டண விவரப் படிவத்தையும் பத்திரமாக வைத்து ஆண்டுதோறும் வரி தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

அனுமதி விடயத்தில் ஊரைப்போல் ஒரே பரீட்சையும், அதை வைத்து மாணவரைத் தரப்படுத்தும் இஸட் புள்ளியும் இல்லை. உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதமும் காவிகளும் (வெக்டர்கள்), ஆங்கிலம் ஆகிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களின் புள்ளிகளோடு, தம்மைப் பற்றி மாணவர் எழுதித் தரும் ஒரு படிவமும் பார்க்கப்படும். இங்கு ஆங்கில வழியில் படித்த காலம் குறைவு என்பதால் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் கேட்கப்படலாம். அதை இலையுதிர்காலத்திலேயே விசாரித்துவிடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும் யூக்ளிட் கணிதப் போட்டியைத் தவறவிட வேண்டாம். இரண்டரை மணி நேரம், பத்து வினா, நூறு புள்ளி. பழைய வினாத்தாள்கள் வாட்டர்லூவின் தளத்திலேயே உள்ளன. பள்ளியில் ஆசிரியரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் பிரிவது கடினம் என்றால், ஸ்காபரோவிலேயே உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவக் கோ-ஆப் படிப்புக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும். அங்கே கணிதத்தின் பங்கு குறைவு, கணக்காளராகும் வழி திறந்தே இருக்கும். வாட்டர்லூவில் தொடங்கிய பிறகு கணக்கீடு தனக்கு ஒத்துவரவில்லை என்று மகள் உணர்ந்தாலும் படித்தது வீணாகாது. கணித பீடத்துக்குள் காப்புறுதிக் கணிதத்துக்கோ புள்ளிவிபரவியலுக்கோ மாறுகிறவர்கள் உண்டு, முதலாம் ஆண்டுக் கணிதப் பாடங்கள் அங்கும் அவைதான். சி.பி.ஏ. கல்விமுறை தற்போது மாற்றியமைக்கப்பட்டு வருவதால், கோ-ஆப் மாதங்களில் எத்தனை தொழில் அனுபவமாக ஏற்கப்படும், பட்டத்துக்குப் பின் கணக்கீட்டில் முதுநிலைப் படிப்பையும் முடித்தால் எந்தப் பரீட்சை மீதமிருக்கும் என்ற இரண்டையும், நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழகத் திறந்த நாளில் கணக்கீட்டுப் பள்ளியின் ஆலோசகரிடம் மகளே நேரில் கேட்கட்டும்.

அன்புடன்,
தம்பி