பருப்பு டப்பாவில் தொடங்குங்கள்

திருத்துறைப்பூண்டி வாசகர்: அக்கா, நாலு பேர் இருக்கிற வீடு. மளிகைச் செலவு கையை மீறுகிறது. எதில் கை வைப்பது?

துவரம் பருப்பில். வாரம் ஏழு நாளும் சாம்பார் வைத்தால் மீறத்தான் செய்யும். துவரை நம் டெல்டா வயல் சரக்கு இல்லை. கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. நம்முடையது உளுந்தும் பச்சைப் பயறும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் விதைத்துவிடுவார்கள். பங்குனியில் கைக்கு வரும். தெரிந்த விவசாயியிடம் அப்போது வாங்குங்கள்.

என் வீட்டில் வாரம் இரண்டு நாள்தான் துவரம் பருப்பு. ஒரு வேளைக்கு 120 கிராம், மாதம் எட்டு வேளை. ரேஷனில் 30 ரூபாய்க்குத் தரும் ஒரு கிலோவிலேயே முடிந்துவிடுகிறது. மற்ற நாளில் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரையோடு பயறு கடைந்தது, ரசமும் துவையலும். ஞாயிறு மீன். வத்தக்குழம்பு அன்று காய் தேடி அலையாதீர்கள், சுட்ட அப்பளம் போதும்.

மன்னார்குடி: இட்லிக்கு சாம்பாருக்குப் பதில் கடப்பா வைக்கலாமா?

தாராளமாக. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்த தேங்காய், சோம்பு. பொட்டுக்கடலை சேர்ப்பதா என்று கும்பகோணத்தில் போய்க் கேட்காதீர்கள், பொழுது போய்விடும்.

நாகப்பட்டினம்: பருப்பை மொத்தமாக வாங்கினால் லாபமா?

ஐப்பசி அடைமழைக்குள் தீருமென்றால் லாபம். ஒரு வருஷம் ஆஃபரைப் பார்த்துப் பத்து கிலோ பயறு வாங்கினேன். கார்த்திகையில் டப்பாவைத் திறந்தால் ஒவ்வொரு பயறிலும் ஊசி குத்தியது போல ஓட்டை, அடியில் மாவு, மூடியில் வண்டு. சித்திரை வெயிலில் மூன்று நாள் காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாமல் மூடுங்கள். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் நல்லதுதான்.

பாபநாசம்: உளுந்து ஆஃபரில் பத்து கிலோ...

மேலே எழுதியதைப் படியுங்கள் தம்பி.

சீர்காழி: ரேஷன் அரிசியில் இட்லி கல்லாக வருகிறது.

புழுங்கலா, பச்சையா? புழுங்கல் என்றால் பாதி அதுவும் பாதி இட்லி அரிசியும் போடுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்கவேண்டும்.

ஆடுதுறை: மன்னிக்கவும் அக்கா. எங்கள் ஊர் நெல் ரகம் ஏ.டி.டி. 37, அதன் குண்டு அரிசி இல்லாமல் இட்லியே இல்லை.

1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரர், வேறென்ன சொல்வீர்கள்! நல்ல அரிசிதான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுக்காமல் வருகிற அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு இட்லி அரிசி மூட்டை இறக்குகிறவர்களுக்குத்தான் நான் எழுதுகிறேன்.

திருவையாறு: எங்கள் வீட்டில் முழுக்க ரேஷன் அரிசிதான். பூ மாதிரி வருகிறது.

வரும். உங்கள் உளுந்து புதுசாக இருக்கும்.

ஆடுதுறை: உளுந்தில் என்ன இருக்கிறது அக்கா? எல்லாம் அரிசிதான்.

போன வருஷத்து உளுந்தை அரைத்துப் பாருங்கள். கிரைண்டரில் பொங்கவே பொங்காது, அடியிலேயே கிடக்கும். அப்புறம் எந்த அரிசி போட்டும் தட்டைதான்.

கும்பகோணம்: ஒரு கை அவல் சேர்த்தால் இந்தச் சண்டையே வேண்டாமே?

சேர்க்கலாம். ஆடுதுறைக்காரரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

வலங்கைமான்: அக்கா, கடலைப்பருப்பு ஐந்து கிலோவாக வாங்கினால் விலை குறைகிறதாம்...

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்று காலண்டரைப் பாருங்கள் அம்மா. நான் மாவு கரைக்கப் போகிறேன்.