மின்சாரம் இல்லாமல் முன்னோர் வாழவில்லையா, நம்மால் ஒரு வாரம் முடியாதா?

கேள்வி கேட்டவர் நல்ல உடல்நலத்துடன் இருப்பவர் என்றே ஊகிக்கிறேன். ஒரு வாரம் மின்சாரம் போனால் விளக்கும் விசிறியும் கைப்பேசியும்தானே நிற்கும், அவை இல்லாமல் முன்னோர் நன்றாகத்தானே வாழ்ந்தார்கள் என்பது அவருடைய வாதம். இதே வாதத்தை என் தாய்மாமா ஒருநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நெடுநேரம் எடுத்துரைத்தார். அப்போது பக்கத்து அறையில் என் அம்மா, அவருடைய சொந்த அக்கா, ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனவே இந்தப் பதிலில் சற்றுச் சூடு தென்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அறைக் காற்றை உள்ளிழுத்து அழுத்தி, ஜியோலைட் என்னும் தாதுவின் வழியே செலுத்தினால் நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும். 90 சதவீதத்துக்கும் மேலான ஆக்சிஜன் மூக்குக்குழாய்க்கு வந்து சேரும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டுக் கருவி ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற கணத்தில் அது வீறிட்டுக் கத்தும். எங்களுடைய கருவியின் உள்ளே ஒரு சிறிய பேட்டரி இருந்தது. ஆக்சிஜன் தருவதற்காக அன்று, கத்துவதற்காக மட்டும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் தாளில் 1800 வாட்-மணி இருப்பதால், கருவி ஐந்து மணி நேரம் ஓடும் என்று கணக்குச் சொல்லும். மாற்றத்தில் வீணாவதையும் பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதையும் கழித்தால் மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஒரு மழைக்காலத்து இரவில் எங்கள் பகுதியின் மின்மாற்றி பழுதாகி, விடியும் வரை மின்சாரம் வரவில்லை. நள்ளிரவு தாண்டியதும் இன்வெர்ட்டர் ஓய்ந்தது. கைவசம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குக் குழாயை மாற்றி, சாவியால் வால்வை மெல்லத் திறந்து, வாயு ஓட்டத்தைக் காட்டும் அளவுமானியின் குண்டு 2 லிட்டர் கோட்டுக்கு ஏறுவதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறு இடைவெளிக்குள், அம்மாவின் விரலில் மாட்டியிருந்த, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர் 93 இலிருந்து 84 க்கு இறங்கிவிட்டது. குண்டு நிலைத்த பிறகு அம்மா, "பயப்படாதப்பா, வந்துடுச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 1500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் எங்களுடையது பாதியளவே நிரம்பியிருந்தது. அடுத்த சிலிண்டருக்காக விநியோகிப்பவரை அழைக்க முயன்றபோது கைப்பேசியில் சிக்னல் இல்லை. கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்திருக்க வேண்டும். வீட்டுத் தொலைபேசியோ கண்ணாடி இழை இணைப்புக்கு மாறியது. அதன் பெட்டிக்கே மின்சாரம் வேண்டும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வரும் என்பதால், ஊர் முழுவதும் இருண்டாலும் அது பேசும். மேம்பாடு என்ற பெயரில் அதைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டார்கள். கடைசியில் என் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனான். வழியில் எரிபொருள் நிலையம் திறந்திருந்தும் பம்பு ஓடவில்லை. விடிகாலையில் அவன் கொண்டுவந்த சிலிண்டரை, மின்தூக்கி நின்றுவிட்டதால், படி வழியே தோளில் சுமந்து ஏற்றினோம்.

மின்சாரத்தைச் சார்ந்திருப்பது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. மின்சாரம் போனால் உதவட்டும் என்று நாம் வைத்திருக்கும் மாற்று ஏற்பாடுகளும் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோவில் மின்கம்பிகள் மரங்களில் உரச, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் செயலிழந்திருந்ததால், அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். கிளீவ்லாந்தில் நீரேற்று நிலையங்கள் நின்று குடிநீர்க் குழாயில் அழுத்தம் விழுந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள், மின்னடுப்பு வைத்திருந்தவர்கள் எதில் கொதிக்க வைத்தார்களோ! நியூயார்க்கில் அன்று ஆம்புலன்ஸ் அழைப்புகள் பெருகியதற்கு, வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த சுவாசக் கருவிகள் நின்றது ஒரு முக்கியக் காரணம். 2012 ஜூலை 31 அன்று இந்தியாவின் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையமைப்புகள், சரிந்தபோது பாதிப்புக்குள்ளான பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 60 கோடிக்கும் மேல். முழுவதும் சரிந்த மின்தொகுப்பை மீண்டும் எழுப்புவதும் எளிதன்று: அனல்மின் நிலையத்தின் நீரேற்றிகளும் விசிறிகளும் நிலக்கரி அரைக்கும் ஆலைகளும் ஓடுவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். ஆகவே நீர்மின் நிலையம் போன்ற, தானே எழக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத்தான் மற்றவற்றை உயிர்ப்பிக்கிறார்கள்.

முன்னோர் வாழ்ந்தார்கள், உண்மை. அவர்களுக்குக் கயிறும் வாளியும் உள்ள கிணறு இருந்தது, விறகடுப்பு இருந்தது, ஏறி இறங்கக்கூடிய உயரத்தில் வீடு இருந்தது. அவற்றையெல்லாம் நாம் விட்டுவிட்டோம். விட்டதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. ஆனால் என் அம்மாவின் நோய் வந்த முன்னோர் வாழவில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். தேவையற்ற நுகர்வுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். வீணாக எரியும் அலங்கார விளக்குகளை அணைக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். இது வசதி படைத்தவர்களின் புலம்பல் என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: வசதி இல்லாத வீட்டில் அந்த இரவுக்கு இன்வெர்ட்டரும் இருந்திருக்காது.

என் குறை வேறொன்று. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்கள் மின்நிறுவனத்திடம் பதிவு செய்துகொள்ளலாம். திட்டமிட்ட மின்நிறுத்தம் இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் வரும். எங்கள் மின் அலுவலகத்தில் இப்படி ஏதும் உண்டா என்று கேட்டபோது, எழுத்தர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புகார் எண்ணைக் காட்டினார்.

ஆக, ஒரு வாரம் முடியுமா என்றால், உங்களால் முடியலாம். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இத்தகைய கருவி இருந்தால், இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரத்தைப் போலவே சீராக ஏறி இறங்கும் மின்னோட்டம் தரும் சைன் அலை வகைதானா என்று பாருங்கள்; சதுர அலையில் கம்ப்ரசர் உறுமிச் சூடேறும். சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அதன் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள், இருட்டில் தேட வேண்டியிராது.