பள்ளி மைதானத்தில் ஹர்டில்ஸ் (தடை ஓட்டத்தில் தாண்டும் தடுப்புகள்) கொண்டுபோக ட்ராலி செய்ய வேண்டும். எப்படி வடிவமைப்பது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளி, கல்லூரிகளுக்கு இந்த மாதிரி வேலை செய்து கொடுப்பதுண்டு.

பைப் வாங்குவதற்கு முன் ஸ்டோர் ரூம் கதவை அளந்துவிடுங்கள். ஹர்டிலின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். கால்கள் இரண்டும் இரு ஓரங்களில் இருப்பதால் ட்ராலித் தளமும் அவ்வளவு அகலம் வேண்டும். 3 அடிக் கதவில் அது நுழையாது. கதவை இடிக்க ஹெச்.எம். சம்மதிக்கப் போவதில்லை, வராந்தாவில் சங்கிலி போட்டு நிறுத்த இடம் பாருங்கள்.

போட்டித் தர ஹர்டில் 10 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஒரு லேனுக்குப் பத்து, ஆக 100 கிலோ. அதைத் தாங்கும் சட்டத்தை எந்தப் பட்டறையிலும் அடித்துத் தந்துவிடுவார்கள். வில்லங்கம் பாரம் குறையக் குறையத்தான் வரும்.

ஹர்டில்களை ஒன்றுக்குள் ஒன்று செருகித்தான் அடுக்குவோம், அதனால் ஒரு முனையிலிருந்துதான் எடுக்க முடியும். ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்துக்கு 9.14 மீட்டர் இடைவெளியில் ஒன்றொன்றாகப் பின்னாலிருந்து இறக்கிக்கொண்டே போவீர்கள். ஐந்து இறங்கியதும் மீதி 50 கிலோவும் முன்பாதியில் நிற்கும். நடுவில் ஒரே அச்சு உள்ள இரண்டு சக்கர வண்டி என்றால், அந்தப் பாரத்தின் மையம் அச்சுக்கு 40 செ.மீ. முன்னாலும் கைப்பிடி 120 செ.மீ. முன்னாலும் இருப்பதாக வையுங்கள்: இழுப்பவர் கையில் கிட்டத்தட்ட 17 கிலோ தொங்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு நடப்பான்? பத்தடியில் கீழே போட்டுவிடுவான். அதனால் நான்கு மூலைக்கும் நான்கு சக்கரம். முன்சக்கரம் கடைசியாக இறங்கும் ஹர்டிலுக்கு நேர்கீழே வரட்டும்.

சக்கரத்தில் காசைப் பார்க்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் 4 அங்குல காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) சிமெண்ட் தரைக்குத்தான் லாயக்கு. மழை பெய்த செம்மண்ணில் புதைந்துவிடும். டிராக்கின் உள்விளிம்புக் கட்டை குறைந்தது 5 செ.மீ. உயரம். 4 அங்குலச் சக்கரத்தின் ஆரமும் அவ்வளவுதான். சக்கரத்தின் ஆரமும் படியின் உயரமும் ஒன்றாகிவிட்டால் நேராக எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. 16 அங்குலக் காற்று டயர் போடுங்கள். அதற்கும் அந்தக் கட்டையில் பலகைச் சரிவு வைத்து ஏற்றுவதே நல்லது.

சோதனைக்கு முதலில் மணல் மூட்டை 150 கிலோ ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் அச்சின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், வெல்டிங் மூட்டுகளையும் பாருங்கள். பிறகு ஹர்டில்களை ஏற்றி, ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் கைப்பிடியில் தொங்கு தராசு மாட்டி இழுத்துப் பாருங்கள். காய்ந்த தரையில் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள், ஈரப் புல்லிலும் இழுக்க வேண்டும். கடைசியாக, காலி ட்ராலியின் ஒரு மூலையில் கனமான ஆள் ஒருவரை ஏறி நிற்கச் சொல்லுங்கள். பையன்கள் எப்படியும் அதில் ஏறி சவாரி போவார்கள்.

குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டு, ஈட்டிக்கும் இதிலேயே இடம் கேட்பார் பி.இ.டி. சார். குண்டு சரி, உருளாதபடி வட்டத் துளை போட்ட தட்டில் அடியில் வைக்கலாம். ஈட்டி வேண்டாம். ஆண்கள் ஈட்டி 2.6 மீட்டருக்கு மேல் நீளம். படுக்க வைத்தால் ட்ராலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரே ஓடிவருகிற பிள்ளைக்கு ஆபத்து. அதற்கு முனை கீழே பார்த்து நிற்கும்படி தனி ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள்.